கேப் டவுனைக் காப்பாற்றியது மழை மட்டும்தானா?

“2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைக் காப்பாற்றியது மழைதான், வீடுகளில் தண்ணீரைச் சேமித்ததால் எந்தப் பயனும் இல்லை” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

கடும் வறட்சியால் அணைகள் வற்றி, நகரின் குடிநீர்க் குழாய்களையே மூடவேண்டிய ‘பூஜ்ய நாள்’ அவ்வாண்டு ஏப்ரலில் வரும் என ஜனவரியில் கணிக்கப்பட்டிருந்தது. அந்த நாள் பலமுறை தள்ளிப்போய், 2018இல் வராது என்று மார்ச் மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது. ஆனால் அணைகளை நிரப்பத் தொடங்கிய குளிர்கால மழையோ (அங்கே குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) அதற்குப் பின்னர்தான் வந்தது. இந்தக் கால வரிசை ஒன்றே அச்செய்தியை மறுக்கப் போதுமானது.

2015இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கோடி லிட்டராக இருந்த நகரத்தின் நுகர்வு, 2018இன் தொடக்கத்தில் அதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்பது பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த வரம்பு. நம் பிளாஸ்டிக் குடத்தில் அது மூன்றரைக் குடம்கூட இல்லை. குளித்த நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுவது அங்கே வசதியான வீடுகளிலும் அன்றாட வழக்கமாயிற்று.

எனினும் முழுப் பெருமையையும் வீடுகளுக்கே அளிப்பதும் சரியாகாது. மாநகராட்சி குழாய்களில் நீரழுத்தத்தைக் குறைத்தது, கட்டணத்தை உயர்த்தியது. பாசனத்துக்கான ஒதுக்கீடு வெட்டப்பட்டது. விவசாயிகள் தங்கள் அணைகளிலிருந்து சுமார் 1,000 கோடி லிட்டரை நகருக்குத் திறந்துவிட்டனர். இவை யாவும் கைகொடுத்ததால்தான் மழை வரும்வரை அணைநீர் தாக்குப்பிடித்தது.