எண்ணெய் வியாபாரத்தில் விலை மட்டும் போதாது

எரிபொருளை மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரம் பற்றிய உங்கள் கட்டுரையில், மலிவாக விற்பவரைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கப்பல் நிறைய ஏற்றி விற்கும் டீசலுக்குப் பெரும்பாலும் நிலையான விலை பேசுவதே கிடையாது. எண்ணெய்ச் சந்தை விலைகளைக் கணித்துச் சொல்லும் பிளாட்ஸ் போன்ற நிறுவனங்கள் தினமும் வெளியிடும் விலை மதிப்பீட்டில், சரக்கு ஏற்றிய தேதியையொட்டிய சில நாட்களின் சராசரியை எடுத்து, அதன்மேல் பிரீமியமோ (கூடுதல் தொகை) தள்ளுபடியோ வைப்பார்கள். பேரம் எல்லாம் அந்தச் சில டாலருக்குத்தான்.

அலகையும் கவனிக்க வேண்டும். டீசலுக்கு சிங்கப்பூரில் பேரல் கணக்கு, அதாவது கொள்ளளவு; ஐரோப்பாவில் டன் கணக்கு, அதாவது எடை. ஒரு டன்னுக்குச் சுமார் 7.45 பேரல் என்பது வழக்கம், ஆனால் அடர்த்தி மாறினால் இதுவும் மாறும். ஒப்பந்தத்தில் 7.45க்குப் பதிலாக 7.50 என்று எழுதிவிட்டால், 30,000 டன் சரக்கில் 1,500 பேரல் வித்தியாசம் வந்துவிடும்! இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அப்புறம் மோசடி. ‘ஜேபி54’ என்ற பெயரில் விமான எரிபொருள் விற்கிறோம் என்று வருபவர்களை நம்பாதீர்கள். அப்படி ஒரு தரமே இல்லை, பயணிகள் விமானங்களுக்குப் பரவலாகப் போவது ஜெட் ஏ-1. சரக்கு நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத் தொட்டியில் தயாராக இருக்கிறது, தொட்டி வாடகையை மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள் என்பதும் பழைய வலை. போலிச் சேமிப்பு நிறுவனங்களைப் பற்றி அந்தத் துறைமுக நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. புதிதாக இறங்குபவர்கள், விற்பவர் தந்த தாளில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, சரக்கு இருப்பதாகச் சொல்லும் கிடங்கின் தொலைபேசி எண்ணைத் தனியாகத் தேடி அழைத்துக் கேளுங்கள்.