பழுதைக் காட்டும் மரம், மறைக்கும் பைபர்

"அண்ணாச்சி, படகு மரமா பைபரா, எது வாங்கலாம்?" என்று உவரியிலோ கூத்தங்குழியிலோ இடிந்தகரையிலோ யாரிடம் கேட்டாலும் இன்று பைபர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதில் சரிதான். அலையை வெட்டி இறங்கி, திரும்பி வந்து மணலில் ஏற்றி வைக்கிற தொழிலுக்குப் படகின் கனம் குறையக் குறைய நல்லது. 9.9 குதிரைத் திறன் இன்ஜினை மாட்டிக்கொண்டு கனத்த மர வள்ளத்தை ஓட்டினால், எண்ணெய்ச் செலவே பாதி மீனைத் தின்றுவிடும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் மரப் படகின் மேல் எனக்குள்ள மதிப்பு இம்மியும் குறையவில்லை. மரம் தன் நோயை முன்கூட்டியே காட்டும். பைபர் கடைசிவரை மறைக்கும். கடலுக்குப் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் என்ன வேண்டும்?

மர வள்ளத்தின் உடம்பைப் பாருங்கள். அடியில் நீளத்துக்கும் ஏராக்கட்டை. அதிலிருந்து இரண்டு பக்கமும் வளைந்து ஏறுகிற வங்குகள். வங்கின் மேல் அறைந்த பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள பொருத்தில் பஞ்சு, அதன் மேல் மக்கு என்கிற அடைப்புப் பசை. இதில் எது கெட்டாலும் முதலில் ஓர் அடையாளம் தந்துவிடும். ஆணித்தலையிலிருந்து செம்மண் நிறத்தில் கோடு வழிந்தால் ஆணி துருப்பிடிக்கிறது. பொருத்திலிருந்து மக்கு பிதுங்கினால் பலகை அசைகிறது, இல்லையென்றால் உள்ளே வங்கு தளர்ந்திருக்கிறது. சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்டால் அங்கே உளுத்திருக்கிறது. கத்தி முனையை அழுத்திப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்பதும் தெரிந்துபோகும். பிறகு அந்தப் பலகையை மட்டும் கழற்றி வேறு பலகை அறையலாம். புதுப் பலகையின் மூட்டு இரண்டு வங்குகளுக்கு நடுவில் வர வேண்டும். உள்பக்கம் ஒரு தாங்குகட்டை வைத்து இரண்டு முனையையும் அதில் பிடிக்க வேண்டும். மேல் பலகையின் மூட்டும் கீழ்ப் பலகையின் மூட்டும் ஒரே இடைவெளியில் விழவே கூடாது. விழுந்தால் கச்சான் காற்றில் படகு முறுக்கும்போது அந்த இடம்தான் முதலில் திறக்கும்.

நம் சீமையில் இதற்கு மரம் இருந்தது. வளைந்த வங்குக்கு நாட்டுக் கருவேல். குளத்துக்குள் நின்று வளர்ந்த கருவேலின் கிளை பிரிகிற இடத்தில் இயல்பாகவே வளைவு இருக்கும். மர நாரும் அந்த வளைவோடு ஓடும். நேர்க்கட்டையை வளைவாக அறுத்து வங்கு செய்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, முதல் மோதலிலேயே தெறிக்கும். (சீமைக் கருவேலைச் சொல்லவில்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஏராவுக்கு இலுப்பை, பலகைக்கு வேம்பு, அயினி, வசதி உள்ளவர்களுக்குத் தேக்கு, துடுப்புக்கும் சிறு வேலைகளுக்கும் பூவரசு. 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியில், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன பெரிய தோணிகளும் இப்படிப்பட்ட நாட்டு மரங்களை நம்பித்தான் கட்டப்பட்டன. இன்று இலுப்பையை வெட்டச் சொல்ல யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. மர வள்ளம் அருகிப்போனதற்கு மரம் கிடைக்காததும் ஒரு நியாயமான காரணம்.

பொருத்தை அடைக்கிற கலப்பத்து வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நிறையப் பேர் கெடுக்கிறார்கள். பொருத்திலுள்ள பழைய பஞ்சையும் மக்கையும் முழுவதும் தோண்டி எடுக்க வேண்டும். பழசின் மேலேயே புதுசைத் திணித்தால் ஒழுக்கு நிற்காது. பருத்திப் பஞ்சைத் தளர்வான திரியாக முறுக்கி, எண்ணெயில் நனைத்துப் பிழிந்து, மழுங்கல் உளியால் பொருத்துக்குள் இறக்க வேண்டும். விளிம்புவரை அடைக்காமல் மூன்று, நான்கு மில்லிமீட்டர் பள்ளம் விட்டு நிறுத்திவிட்டு, குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிய மக்கை அதில் போட வேண்டும். காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் வளைத்துப் பாருங்கள். ஒடிந்தால் எண்ணெய் போதாது, விரலில் ஒட்டினால் குங்கிலியம் போதாது. பஞ்சை இறுக்கி இறுக்கி அடிக்கிறவர் கெட்டிக்காரர் என்று நினைப்பது தப்பு. காய்ந்த பலகை கடலில் இறங்கியதும் ஊதும். ஊத இடமில்லை என்றால் பலகை வங்கையே வெளியே தள்ளி, ஆணியைப் பிடுங்கிவிடும். அதே காரணத்துக்காகத்தான் நாள்கணக்கில் வெயிலில் கிடந்த வள்ளத்தை எடுத்த எடுப்பில் ஆழத்துக்கு ஓட்டக்கூடாது. முதலில் உள்ளே கடல் தண்ணீரைத் தெளித்து ஊற விட வேண்டும்.

கடல் தண்ணீர் என்றுதான் சொல்கிறேன். உப்பு மரத்தைக் காக்கும், மழைத் தண்ணீர்தான் அழிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்குள் தேங்கிய மழைத் தண்ணீரை இறைக்காமல் விட்டால், ஏராவும் வங்கும் சேருகிற மூலையில் பூஞ்சை பிடித்து இரண்டு பருவத்துக்குள் மரம் பொடியாகும். அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, கொஞ்சம் தூக்கி வைத்து, அடியில் தண்ணீர் வடியும் துளையின் அடைப்பானைக் கழற்றி, தென்னங்கீற்றால் காற்றுப் போகும்படி மூடினால் போதும். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து இன்னும் சீக்கிரம் உளுக்கும்.

மரத்தின் இன்னொரு எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குண்டூசித் துளை அளவில் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, நாரோடு நெடுக அரித்துக்கொண்டு போகும். வெளியே பலகை முழுசாகத் தெரியும், உள்ளே சல்லடையாக இருக்கும். மரம் தன் நோயைக் காட்டும் என்று சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. ஆனால் தண்ணீரை விட்டு எடுத்து நன்றாக உலர்த்தினால் புழு செத்துப்போகும். கட்டுமரத்தை நம் முன்னோர் கரையேற்றியதும் கட்டவிழ்த்துத் தனித்தனிக் கட்டையாகக் காயப் போட்டதில் இந்த நன்மையும் இருந்தது. அதனால் மணலில் ஏறுகிற படகுக்குப் புழுத் தொல்லை குறைவு. துறைமுகத்துக்குள் மாதக்கணக்கில் மிதக்கும் வள்ளத்துக்குத்தான் முந்திரிக்கொட்டை எண்ணெய்ப் பூச்சும், தாமிரம் கலந்த அடிப்பூச்சும் கட்டாயம். சுறா எண்ணெய் பழைய வழக்கம். அதற்காக அம்மணி உழுவையைத் தொட்டுவிட வேண்டாம், 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மத்தி எண்ணெய் போதும்.

ஆணியில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதா இரும்பாணியின் துரு ஆணியோடு நிற்காமல் சுற்றியிருக்கும் மர நாரையும் சிதைக்கும். நாகமுலாம் பூசியதாவது வேண்டும், செம்பு என்றால் நல்லது. ஆனால் செம்பையும் இரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் அறையக் கூடாது. உப்புத் தண்ணீரில் செம்பு பிழைக்கும், இரும்பு கரைந்துபோகும்.

இனி பைபர். கண்ணாடி இழைப் பாயை ரெசின் என்கிற பசையில் ஊறவைத்து, அச்சுக்குள் அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டுவது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரை முழுக்கப் பைபர் படகு வந்து குவிந்தது. அவசரத்தில் கட்டியவை பல. அவற்றின் குறை கட்டிய அன்றைக்கே உள்ளே போய்விட்டது, வெளியே பளபளப்பாக ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு. பைபர் படகின் பலம் அதைக் கட்டிய அந்த ஒரு வாரத்தில் முடிவாகிறது. ரெசினோடு கெட்டியாக்கும் வினையூக்கி சாதாரணமாக 1 முதல் 2 சதவீதம். நம் ஊர் மதிய வெயிலில் ரெசின் வாளியிலேயே உறைந்துவிடும் என்று பயந்து ஊக்கியைக் குறைத்தால், அது ஒருபோதும் முழுசாக இறுகாது. படகு வாங்கி மாதக்கணக்கில் ஆன பிறகும் உள்ளே மூக்கைத் துளைக்கிற ரசாயன வாடை இருந்தால் சந்தேகப்படுங்கள். சரியான வழி, விடியற்காலையில் நிழலில் அடுக்குவதுதான். தண்ணீருக்குக் கீழே வரும் பகுதிக்கு தண்ணீரை நன்றாகத் தாங்கும் ஐசோ ரெசின் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த, பொது உபயோகத்துக்கான ஜி.பி. ரெசின் நாளடைவில் தண்ணீரை உள்ளே விடும். ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளம் எழும். கொப்புளத்தைக் குத்தினால் புளிப்பு வாடையோடு நீர் கசியும்.

அடுக்குக் கணக்கு வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். 610 கிராம் நெய்த பாய் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எத்தனை அடுக்கு என்று பட்டறையில் சொல்கிறார்களோ, அதை இந்தக் கணக்கில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பானுக்குத் துளை போடும்போது வெட்டி விழுகிற வில்லையை வாங்கி அளந்து பாருங்கள், பொய் அங்கேயே தெரிந்துவிடும். உள்பக்கம் பெயின்ட் அடிக்கும் முன் போய், வெயிலுக்கு எதிரே நின்று பக்கச் சுவரைப் பாருங்கள். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது ரெசின் ஊறாத இழை, வட்டமாகத் தெரிவது காற்றுக் குமிழி. பெயின்ட் அடித்துவிட்ட படகை மட்டும் காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்ஜின் மாட்டுகிற பின்பலகைதான் பைபர் படகின் உயிர்நிலை. உள்ளே இருப்பது பிளைவுட், மேலே பைபர் தோல். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல் பிளைவுட் போட வேண்டிய இடத்தில் வீட்டு அலமாரிப் பலகையை வைத்து மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே பலகை கூழாகும். தோல் மட்டும் நிற்கும். ஒருநாள் அலையில் இன்ஜின் போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு போகும். தடுக்க எளிய வழி உண்டு: துளையை ஒன்றரை மடங்கு பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். போல்ட் பிறகு மரத்தையே தொடாது.

மணலில் இழுக்கிற படகுக்கு அடி தேய்வதும் உறுதி. ஜெல்கோட் போய் இழை வெளியே தெரிந்துவிட்டால், திரி எண்ணெயை இழுப்பதுபோல அது கடல் தண்ணீரை இழுக்கும். அடியில் கழற்றி மாற்றக்கூடிய ஒரு மரப் பட்டையை வைத்து ஓட்டுகிறவர் புத்திசாலி. தேய்வது பட்டையாக இருக்கட்டும். இன்னொன்று: பைபர் தண்ணீரைவிடக் கனமானது. தண்ணீர் புகுந்த மர வள்ளம் முங்கினாலும் பிடித்துக்கொள்ள மிதக்கும். பைபர் படகு மிதப்பது அதன் மிதப்பு அறைகளால் மட்டும்தான். அந்த அறைக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

எல்லாவற்றையும்விடக் கோபம் வருகிற வேலை ஒன்று உண்டு. பழைய மர வள்ளத்துக்கு மேலே பைபர் அடித்துவிட்டால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று சொல்லிப் பணம் வாங்குவது. உப்பும் எண்ணெயும் ஊறிய மரத்தில் பாலியெஸ்டர் ரெசின் பிடிக்காது. மரம் ஊதிச் சுருங்கும், பைபர் அசையாது. இரண்டும் பிரிந்து நடுவில் தண்ணீர் நிற்கும். வெளியிலிருந்து தட்டிப் பார்க்கவோ கத்தியால் குத்திப் பார்க்கவோ முடியாது. மரத்தின் நல்ல குணமும் போய், பைபரின் நல்ல குணமும் வராமல் போகிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்தில் செய்து காட்டியது வேறு. அது புது மரம், முறையாக மருந்து ஏற்றி உலர்த்திய பிறகு செய்த வேலை. அதைக் காட்டி உங்கள் பழைய வள்ளத்தை மூடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வங்கு நன்றாயிருந்தால் பலகை மாற்றுங்கள். வங்கே போய்விட்டது என்றால் அதைக் கைவிடுவதுதான் மரியாதை. பலகை விறகுக்கும் வேலிக்கும் ஆகும். உடைந்த பைபரை உருக்கவும் முடியாது, எரித்தால் நச்சுப் புகை.

பைபரில் ஓட்டை விழுந்தாலும் ஒழுங்காகச் சரிசெய்யலாம், அவசரப்படாமல் இருந்தால். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, முழுசாகக் காயவிட்டு, ஓட்டையைச் சுற்றிக் கனத்தைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் சுவர் என்றால் ஏழு சென்டிமீட்டருக்கு மேல். தேய்க்கிறவர் முகமூடி இல்லாமல் அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. அசிட்டோனால் துடைத்து, முதல் அடுக்கு நெய்யாத பாயாகப் போட்டு, அதன் மேல் மற்றவை. ஓட்டை அளவுக்கு ஒரு துண்டை வெட்டி ஒட்டிவிட்டுப் போவது அடுத்த ஆனி, ஆடிக் கடலில் பிய்ந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், வயதான வள்ளம் வைத்திருக்கிறவர்களுக்கு. எந்தப் பைபர் படகுக்கும் முதலில் ஓர் அச்சு வேண்டும். அச்சு எடுக்க ஒரு மூலப்படகு வேண்டும். வேறு கரையின் படகிலிருந்து எடுத்த அச்சு நம் அலைக்குப் பொருந்துவதில்லை. அணியம் போதிய உயரமில்லாமல் இறங்கும்போது தண்ணீரை வாரும், அமரம், அதாவது பின்பக்கம், அகலமாகி ஏறும்போது பின்னால் வரும் அலை தூக்கி அடிக்கும். இந்தக் கரைக்கென்று படகு கட்டும் ஓடாவிகள் தலைமுறையாகச் செதுக்கிய வளைவு உங்கள் பழைய வள்ளத்தில் இருக்கிறது. உடைக்கும் முன் அளந்து வையுங்கள். தண்ணீர் டியூப் வைத்துப் படகை மட்டமாக நிறுத்தி, அணியத்திலிருந்து அமரத்துக்கு நடுவாக ஒரு நூல் கட்டுங்கள். இரண்டு அடிக்கு ஒரு குறி. ஒவ்வொரு குறியிலும் தூக்குக்குண்டு விட்டு ஏராவரை ஆழம், பிறகு அரை அடி உயரத்துக்கு ஒருமுறை நடுவிலிருந்து பக்கம்வரை அகலம். ஒரு பக்கம் அளந்தால் போதும். அளவு நாடாவோடு சேர்த்துப் போட்டோவும் எடுங்கள். உள்பக்கமாக அளந்திருந்தால் பலகையின் கனத்தைக் கூட்டி எழுதுங்கள், அச்சு எடுப்பவருக்கு வெளி அளவுதான் தேவை.