வரவில்லை என்பதற்காகத் தேவையில்லை என்று எழுதிவிடாதீர்கள்

நேற்றைய கூட்டத்தில் பேசப்பட்டதைக் கேட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. கிராமத்து ஏழை முதியவர்களுக்கென்று ஒதுக்கிய காய்கறிகளில் பெரும்பகுதி மிஞ்சிப்போனதால் அவர்களுக்கு அதில் நாட்டமில்லை, அடுத்த பருவத்தில் நிறுத்திவிடலாம் என்றார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. வரவில்லை என்பதும் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல.

வழங்கும் இடம் பெரிய சாலையில் இருக்கிறது. பேருந்தே போகாத ஊரில் மூட்டுவலியோடு இருப்பவர் அங்கே எப்படி வருவார்? வந்து வரிசையில் நின்று வாங்கினாலும் அந்தப் பையைச் சுமந்துகொண்டு எப்படித் திரும்புவார்? கைபேசிக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் பை கிடைக்கும் என்ற விதியை வகுத்தவர்கள், கைபேசியே இல்லாதவர்களை நினைத்துப் பார்த்தார்களா?

என் பெரியம்மா கடைசிக் காலத்தில் தனியாகத்தான் இருந்தார். சுற்றிலும் தோட்டங்கள், ஆனால் விளைந்ததெல்லாம் விடியுமுன்பே வண்டியேறி நகரத்து மொத்தச் சந்தைக்குப் போய்விடும். கேட்டால், "எனக்கென்ன, ஒரு வயிறுதானே" என்பார். பிறரிடம் கேட்கக் கூசியவரின் பேச்சு அது. அவரைப் போன்றவர்களைத்தான் நேற்று நாட்டமில்லாதவர்கள் என்றார்கள்.

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்களும் பழங்களும் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முதுமையில் பசி குறைகிறது, நாவின் சுவையும் மூக்கின் மணமும் மங்குகின்றன. ஆனால் உடலுக்கு வேண்டிய வைட்டமின்களின் தேவை அந்த அளவுக்குக் குறைவதில்லை. பறித்த கீரையில் வைட்டமின் சி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும் என்பதால், பக்கத்தில் விளைந்தது பக்கத்திலேயே கிடைப்பது சலுகை ஆகாது.

வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் செலவு கூடுமே என்பீர்கள். கூடும்தான். மிஞ்சி அழுகியதற்கும் செலவுதானே ஆனது? உழவருக்கு நஷ்டம் வரக்கூடாது என்பது நியாயமான கவலை. முன்கூட்டியே அளவு சொல்லிப் பணம் கொடுத்துவிட்டால் அது தீரும். எல்லோருக்கும் ஒரே பையைக் கட்டிக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். பல் இல்லாதவரால் கடினமானதை மெல்ல முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களில் பலர் பொட்டாசியம் மிகுந்தவற்றைக் குறைக்க வேண்டியிருக்கும். தேர்ந்தெடுக்க விடுங்கள், வாரத்துக்கு ஒரு பெரிய பைக்குப் பதில் இரண்டு சிறிய பைகளாகக் கொடுங்கள்.

"பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டவருக்கு மட்டும் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிழைப்புக்காகத் தொலைவில் கூலி வேலை செய்யும் பிள்ளைகளை ஊர் நடுவே குற்றவாளிகளாக நிறுத்துவதால் எந்த முதியவரின் அடுப்பிலும் காய் வேகப்போவதில்லை. பிள்ளையே இல்லாதவர் என்ன செய்வார்? வாழ்நாளெல்லாம் பிறர் நிலத்தில் விளைவித்துக் கொடுத்தவர்களிடம், உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு எப்படி மனம் வருகிறது?

முடிவெடுக்கும் முன், பதிவு செய்தும் வராதவர்களின் வீடுகளுக்கு ஒருமுறை போய், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அந்தப் பட்டியல் உங்களிடம்தான் இருக்கிறது.