சேற்றைப் பார்த்துச் சொல்வது ஜோசியம் அல்ல

ஞாயிற்றுக்கிழமை முதல் சமூக ஊடகங்களில் ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. காய்ந்த ஏரியின் சேற்றைத் தோண்டி நாலாயிரம் ஆண்டுக்கு முன் மழை பொய்த்தது என்று சொல்வது கிளி ஜோசியம் என்ற அந்த ஒரு வரியை எத்தனையோ பேர் கைதட்டிப் பகிர்ந்திருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகளாக ஏரிப் படிவுகளோடு வேலை செய்பவள் நான். என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அது ஜோசியம் அல்ல.

பேச்சு ஹரியானாவின் கோட்லா தஹார் பற்றியது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த பள்ளம் அது. யமா தீட்சித், டேவிட் ஹோடெல், கேமரன் பெட்ரி ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் படிவில் அடுக்கடுக்காகக் கிடந்த நத்தை ஓடுகளை எடுத்துக்கொண்டது. நத்தை தான் வாழும் நீரிலிருந்தே தன் ஓட்டைக் கட்டுகிறது. நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன்-16 எளிதில் போய்விடும், எடை கூடிய ஆக்சிஜன்-18 தங்கிவிடும். ஆகவே மழை குறைந்து ஏரி சுண்டிய காலத்து ஓட்டில் ஆக்சிஜன்-18 மிகுந்திருக்கும். சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் அந்த அளவு சட்டென்று உயர்ந்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பருவமழை தளர்ந்திருந்ததைக் காட்டியது. இது கருவியில் அளந்த எண்.

நான் ஆய்வு மாணவியாக இருந்த இரண்டாம் ஆண்டில், வேறோர் ஏரியில் எட்டு நாள் வெயிலில் நின்று, சேற்றில் இறக்கி அடுக்குகள் கலையாமல் எடுத்த குழாய்களில் ஒன்று, மேல்முனையைக் காட்டும் அம்புக்குறி இல்லாமல் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. குறி போட வேண்டியவள் நான்தான். நீளவாக்கில் அறுத்துத் திறந்தபோது சாம்பல் நிறக் களிமண்ணும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு மணலும் இருந்தன. எது மேல், எது கீழ் என்று எனக்கும் என் வழிகாட்டிக்கும் ஓரளவு தெரிந்தே இருந்தது. "ஓரளவு தெரிஞ்சா போதாதும்மா" என்று சொல்லிவிட்டார். ஒரு மீட்டர் படிவும், நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் நான் பொறுக்கி வைத்திருந்த ஓடுகளும் குப்பைக்குப் போயின. அன்றிரவு விடுதியில் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தேன். இப்படித் தூக்கி எறியப் பழகியவர்களைத்தான் நீங்கள் ஜோசியக்காரர்கள் என்கிறீர்கள்.

அந்தப் பதிவோடு சுற்றும் சேற்றுப் படத்தில் தெரியும் வரிகளை எண்ணினால் கணக்கு ஒத்துவரவில்லையே என்று கேட்கிறார்கள். அந்தப் படம் ஹரியானாவினுடையதே அல்ல. ஜப்பானின் ஃபுகுய் மாநிலத்தில் உள்ள சுய்கெட்சு ஏரியினுடையது. அங்கே ஆறு எதுவும் நேராக வந்து விழுவதில்லை, ஏரியின் அடியில் ஆக்சிஜன் இல்லாததால் சேற்றைக் கிளறும் உயிர்களும் இல்லை. அதனால் ஆண்டுக்கு ஒரு ஜோடியாக வெளிர் வரியும் கரு வரியும் கலையாமல் படிந்து, 45 மீட்டரில் 70,000 ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. 1993-இல் ஒரே துளையில் எடுத்தபோது துண்டுக்கும் துண்டுக்கும் இடையே அடுக்குகள் விடுபட்டுக் கணக்கு தவறியது. 2006-இல் நான்கு துளைகள் போட்டு, ஒன்றில் விடுபட்டதை இன்னொன்றால் நிரப்பினார்கள். தவறைக் கண்டு சொன்னதும் இதே துறைதான். கோட்லா தஹாரில் காலத்தைச் சொல்வது ஆண்டு வரிகள் அல்ல, உயிர் போனபின் சீராகச் சிதைந்து குறையும் கார்பன்-14. சுண்ணாம்பு கரைந்த நீரில் வாழும் நத்தை பழைய கார்பனையும் சேர்த்துக்கொண்டு வயதைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீங்கள் கேலி செய்த 'சுமார்' என்ற சொல் நேர்மையால் வந்தது.

சிந்துவெளி நகரங்கள் தளர இந்த மழைக்குறைவு காரணமாக இருக்கலாம் என்றால், ராஜஸ்தானின் லுன்கரன்சர் ஏரி அந்த நகரங்கள் செழிப்பதற்கு முன்பே வற்றிவிட்டது என்று 1999-இல் ஓர் ஆய்வு சொன்னதே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, அதில் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் இரண்டு ஏரிகள் ஒன்றாக வற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு கண்மாய் நிரம்பி வழியும் ஆண்டில் பக்கத்துக் கண்மாய் காய்ந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்? மழை எப்போது குறைந்தது என்பதைச் சேறு சொல்லும். மக்கள் ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்பதைச் சேறு மட்டும் சொல்லிவிடாது, சொல்லும் என்று நானும் எங்கேயும் எழுதியதில்லை.

சிந்துவெளி மக்கள் பேசியது எந்த மொழி என்ற அரசியலுக்காக இட்டுக்கட்டுகிறோம் என்பவர்களுக்கு நான் விளக்கம் தரப் போவதில்லை. நத்தை ஓட்டில் எழுத்து இல்லை. பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறோம் என்றவர், முழங்கால் சேற்றில் ஒரு நாள் எங்களோடு நின்று குழாய் இறக்கிவிட்டு அதைச் சொல்லட்டும்.

அந்நியர்கள் பகிர்ந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளும் பகிர்ந்திருக்கிறாள். அன்றிரவு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அந்தக் குழாயை ஏன் எறிந்தோம் என்பது அவளுக்குத் தெரியும்.