அடுத்து எப்ப சுடுவாங்க?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 'ஸ்னைப்பர்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 1993இல் வந்தது. இயக்கம் லூயிஸ் லோசா. டாம் பெரெஞ்சர், பில்லி ஸேன் நடித்தது. பையன் பத்தாம் வகுப்பு. போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடியே கட்டைவிரல் தேய்ந்தவன். "ஸ்னைப்பர் படம்டா" என்றதும் துள்ளி வந்தான். ஆரம்பத்திலேயே ஒரு சாவு விழுந்துவிட்டதால் குஷியாக இருந்தான். அதற்கப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம், "மாமா, அடுத்து எப்ப சுடுவாங்க?"

அவன் கேட்ட அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. பனாமா காடு. பெக்கெட் என்ற அமெரிக்க மரைன் (கடற்படையோடு சேர்ந்த காலாட்படை) ஸ்னைப்பர், அதாவது மறைந்து கிடந்து தூரத்தில் இருந்து சுடுகிறவர், பல வருஷமாகக் காட்டிலேயே கிடந்து ஊறிப்போனவர். அவர் கூட இருந்த ஸ்பாட்டர், அதாவது பக்கத்தில் படுத்து குறி பார்த்துச் சொல்லும் ஆள், செத்துப்போகிறான். எப்படி? இருட்டில் வரவேண்டிய ஹெலிகாப்டர் பட்டப்பகலில் வந்து நிற்கிறது. அவர்கள் தவறாகச் சுடவில்லை, சரியாக மறைந்தும் இருந்தார்கள். எங்கேயோ உட்கார்ந்து நேரம் குறித்தவர்கள் செய்த கோளாறு, இங்கே ஒருத்தன் உயிர் போகிறது. அடுத்து வாஷிங்டனில் இருந்து மில்லர் வருகிறான். ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய துப்பாக்கிக்காரன். காகிதத்தைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை. இந்த இரண்டு பேரும் ஒரு தளபதியைக் கொல்லக் காட்டுக்குள் போகிறார்கள். அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான்: இந்தப் படம் எங்கெல்லாம் சும்மா படுத்துக் கிடக்கிறதோ அங்கெல்லாம் நிஜம். எங்கெல்லாம் தோட்டாவோடு சேர்ந்து பறக்கிறதோ அங்கெல்லாம் பொய்.

சும்மா படுத்துக் கிடப்பது என்றால் என்ன என்று எனக்குத் துளியூண்டு தெரியும். கல்லூரியில் என்சிசி. முகாமில் ஒருநாள் பாயிண்ட் 22 ரைஃபிள் கொடுத்து 25 கஜத்தில் சுடவிட்டார்கள். ஆளுக்கு ஐந்து தோட்டா. சரளைக்கல்லில் குப்புறப் படுத்தாயிற்று. முழங்கை எரிகிறது, கண்ணில் வேர்வை இறங்குகிறது, மணிக்கட்டில் ஒரு கட்டெறும்பு நிதானமாக ஏறிக்கொண்டிருக்கிறது. ஹவில்தார் பின்னால் நடந்துகொண்டே அரை இந்தி அரைத் தமிழில், "சாஸ் ரோக்கோ! மூச்சு நிறுத்து! இழுக்காதே, அமுக்கு!" என்று கத்துகிறார். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. எனக்கு ஒரு யுகம். கடைசியில் என் அட்டையில் மூன்று ஓட்டை, பக்கத்துப் பையன் அட்டையில் ஏழு. அவனுக்குப் பாராட்டு, எனக்கு ஒரு பார்வை. நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இந்த லட்சணத்தில் கார்லோஸ் ஹாத்காக்கைப் பற்றிப் படித்தபோது நம்பவே முடியவில்லை. வியட்நாமில் சண்டை போட்ட அமெரிக்க மரைன். உறுதி செய்யப்பட்ட கணக்கில் 93 பேரைச் சுட்டவர். தொப்பியில் வெள்ளை இறகு செருகிக்கொண்டு திரிந்தவர். ஒரு வட வியட்நாம் தளபதியைச் சுடுவதற்காக ஏறக்குறைய 1,500 கஜம் திறந்த வெளியில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்திருக்கிறார். நான்கு பகல், மூன்று இரவு. தூக்கம் கிடையாது. எதிரி ரோந்துக்காரர்கள் மிதிக்காத குறையாகத் தாண்டிப் போகிறார்கள். எறும்பு தின்கிறது. அத்தனைக்கும் அப்புறம் ஒரே ஒரு தோட்டா.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை வாரம் புழுவாகக் கிடப்பதற்குக் கடைசியில் ஒரு நொடி. இதில் 'ஆக்‌ஷன்' எந்தப் பக்கம் இருக்கிறது?

பெக்கெட் பாத்திரம் ஹாத்காக்கின் சாயல் என்பது ஊரறிந்த சங்கதி. எதிரி ஸ்னைப்பரின் ஸ்கோப் (துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கி) வழியாகவே தோட்டாவை அனுப்பிக் கண்ணில் அடித்த கதையும் அவருடையதுதான். அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இதைச் செய்து பார்த்து முதலில் முடியாது என்றது. பிறகு அந்தக் காலத்து ஸ்கோப்பை வைத்து மறுபடி சுட்டுவிட்டு, சாத்தியம்தான் என்று இறங்கி வந்தது. அவரே வேட்டை பிடிக்கும், ஆளைக் கொல்வது ஒருநாளும் பிடித்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். 1969இல் கண்ணிவெடியில் பற்றியெரிந்த வண்டியில் இருந்து ஏழு பேரை இழுத்துப் போட்டுத் தன் உடம்பைத் தீக்குக் கொடுத்தவர். 93ஐ எல்லோரும் சொல்வார்கள், அந்த ஏழு பேரை யாரும் சொல்வதில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

சரி, படத்துக்கு வருவோம். தோட்டா கிளம்பியதும் கேமரா அதன் முதுகில் ஏறிக்கொண்டு போய் ஆள்மேல் இறங்கும் காட்சிகள் உண்டு. பையன் நிமிர்ந்து உட்கார்ந்ததெல்லாம் அங்கேதான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அது அப்படி மயக்குகிற வித்தை. ஆனால் அந்த ஒரு வித்தை போதும், அதுவரை படுத்துக் கிடந்த மனுஷன் காணாமல் போய்விடுகிறான். சுட்டவன் முகமும் இல்லை, விழுந்தவன் முகமும் இல்லை, தோட்டாதான் கதாநாயகன். அதற்கப்புறம் வந்த படங்களும் விளையாட்டுகளும் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்னைப்பருக்கு அடர்ந்த காடு உண்மையில் தோதான இடமே இல்லை. தூரமாகப் பார்க்க வழியில்லை. நடுவில் ஒரு குச்சி பட்டாலே தோட்டா திசை மாறும். ஈரத்தில் ஸ்கோப் கண்ணாடி பூத்துப்போகும். அதனால் ஆற்றங்கரை, மேட்டு ஓரம், வெட்டவெளி என்று தேடிப் போய்த்தான் படுக்கவேண்டும். காட்டுக்குள்ளே அவனைக் காப்பாற்றுவது குறி இல்லை, மறைவுதான். உடம்பெல்லாம் சாக்குநாரும் இலைதழையும் கட்டிக்கொள்கிற அந்த 'கில்லி' உடைகூட ஸ்காட்லாந்து வேட்டைக்காவலர்களிடம் இருந்து பட்டாளத்துக்கு வந்ததுதான்.

'ஸ்னைப்பர்' என்ற சொல்லே நம் பக்கத்துச் சேற்றில் பிறந்தது என்றால் நம்புவீர்களா? ஸ்னைப் என்பது உள்ளான் குருவி. அறுத்த வயலில் காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மிதிக்கப் போகும்போது விருட்டென்று கிளம்பிக் கோணல்மாணலாகப் பறக்கும். 1770களில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரர்கள் அதைச் சுடப் போனதைத்தான் ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'ஸ்னைப்பிங்' என்றார்கள். பையனிடம் சொன்னேன். "ஓ" என்றான். அவ்வளவுதான் மரியாதை.

படத்தின்மேல் எனக்குள்ள பெரிய புகார் வேறு. அது யாருடைய காடு என்று யாருமே கேட்கவில்லை. பனாமாவில் அமெரிக்காவுக்கு என்ன வேலை? 1989 டிசம்பரில் அமெரிக்கப் பட்டாளம் அந்த நாட்டுக்குள் இறங்கியது. 1990 ஜனவரி 3 அன்று பனாமாவை ஆண்ட ராணுவத் தலைவர் நோரியேகா சரணடைந்தார். அதே நோரியேகா முன்பு அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவிடம் சம்பளம் வாங்கியவர். லத்தீன் அமெரிக்க ராணுவ அதிகாரிகளுக்கு அமெரிக்கா பாடம் நடத்திய 'ஸ்கூல் ஆஃப் தி அமெரிக்காஸ்' 1984 வரை பனாமாவில்தான் இருந்தது. படத்தில் வருகிற சித்திரவதைக்காரனும் பழைய சிஐஏ ஆள்தான்! தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, வாயில் வந்த உண்மையை அடுத்த காட்சியிலேயே விழுங்கிவிடுகிறார்கள். பழங்குடிகள் வழிகாட்ட வருகிறார்கள், உதவி கேட்கிறார்கள், போகிறார்கள். மனதில் நிற்கிற மாதிரி அவர்களில் ஒரு முகம்கூட இல்லை. போதாக்குறைக்கு அந்தப் பனாமா காடே ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் எடுத்தது.

இத்தனை திட்டிவிட்டும் ஏன் மறுபடி பார்க்கிறேன் என்றால், கடைசிப் பகுதிக்காக. பெக்கெட் பிடிபடுகிறார். வலது ஆட்காட்டி விரலை வெட்டுகிறார்கள். தூரத்தில் மில்லர் ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது பெக்கெட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைக்கிறார்: பக்கத்தில் நிற்கிற எதிரியோடு என்னையும் சேர்த்துச் சுட்டுவிடு, ஒரே தோட்டாவில் இரண்டு பேர். முதல் வாய்ப்பில் தடுமாறிய மில்லர், இப்போது சுடத் தெரிந்தவனாக, யாரைச் சுடக்கூடாது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கேமரா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

பையன் அந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

படம் முடிந்ததும் கேட்டான். "மாமா, விரல் போயிடுச்சே, இனிமே அவர் எப்படிச் சுடுவாரு?"

"2023 வரைக்கும் மொத்தம் பத்து படம் எடுத்துட்டாங்கடா. ரெண்டாவதுலயே அவர் திரும்ப வந்துடுவாரு."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "அப்ப எதுக்கு வெட்டினாங்க?"

அதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.