சம்பளம் இருபது மணி நேரத்துக்கு, பிடித்து வைத்திருப்பது வாரம் முழுவதையும்

"மீதி நேரம் சும்மாதானே இருக்கிறாய்? வேறு ஏதாவது செய்து நாலு காசு பார்க்கலாமே!"

இதை என்னிடம் சொல்லாத ஆளே இல்லை. உறவினர்கள் சொல்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் வேலையில் இருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். வாழ்நாளில் ஒரு ஷிப்ட் அட்டவணையைக்கூடக் கண்ணால் பார்த்திராதவர்கள் காணொளி போட்டுச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எந்த மீதி நேரத்தைச் சொல்கிறார்கள் இவர்கள்? அது எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு இருக்கிறது? அது மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிந்தால் யாருடைய அறிவுரையும் எனக்குத் தேவைப்படாது.

நான் ஒரு கடையில் பகுதி நேர ஊழியர். வாரத்துக்கு ஏறக்குறைய இருபது மணி நேரம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். எந்த இருபது மணி நேரம் என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. திங்கட்கிழமை தொடங்கும் வாரத்துக்கான அட்டவணை ஞாயிறு இரவுதான் கைப்பேசிக்கு வருகிறது. ஒரு வாரம் ஐந்து நாளும் மதியத்தைத் துண்டு போட்டு நான்கு நான்கு மணி நேரம். இன்னொரு வாரம் இரண்டே நாள், காலையிலிருந்து கடை அடைக்கும் வரை. வேறொரு வாரம் மொத்தமே எட்டு மணி நேரம். ஏன் என்று கேட்டால் "வியாபாரம் மந்தம்" என்கிறார்கள். வந்த அட்டவணையாவது நிலைக்குமா என்றால், அதுவும் இல்லை. ஷிப்ட் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது "இன்று வர வேண்டாம்" என்று செய்தி வருகிறது. பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகும் வந்திருக்கிறது. போய்ச் சேர்ந்து, சீருடை மாட்டிக்கொண்டு, கூட்டம் இல்லை என்று இரண்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்பப்பட்ட நாட்களும் உண்டு. அந்த இரண்டு மணி நேரச் சம்பளத்தில் போக வர ஆன செலவைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

என் கோபம் குறைந்த சம்பளத்தைப் பற்றியது மட்டும் அல்ல. குறைந்த சம்பளம் என்றால் வேறு வேலையும் சேர்த்துப் பார்த்துச் சமாளிக்கலாம். இவர்கள் அந்த வழியையும் அடைத்துவிடுகிறார்கள். இருபது மணி நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, மீதியுள்ள விழித்திருக்கும் நேரம் அத்தனையையும் இலவசமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். நான் வீட்டில் இருக்கிறேன், உண்மைதான். ஆனால் கைப்பேசி எப்போது ஒலிக்கும் என்று காத்துக்கொண்டு இருக்கிறேன். அந்த நேரம் என்னுடையது இல்லை.

டியூஷன் எடுத்தேன். எட்டாம் வகுப்புப் பையன், கணக்குப் பாடம், செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணி. கெட்டிக்காரப் பையன். பின்னங்களைக் கூட்டும்போது மட்டும் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி வைத்துவிடுவான். ஒரு வியாழக்கிழமை பகுதிகளை எப்படிச் சமமாக்குவது என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. பென்சிலைக் கடித்துக்கொண்டே மூன்று கணக்குகளைத் தானாகப் போட்டுவிட்டு நான்காவதைத் தொடங்கியிருந்தான். அப்போது செய்தி வந்தது. "ஒருவர் வரவில்லை. ஏழு மணிக்கு வர முடியுமா?" முடியாது என்று சொல்லலாம், சொல்ல உரிமை உண்டு என்றுதான் மேலாளரும் சொல்வார். ஆனால் சொன்னவர்களுக்கு அடுத்த வாரம் எத்தனை ஷிப்ட் கிடைத்தது என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பையனை நோட்டை மூடச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இப்படியே நடந்துகொண்டிருந்தால் எந்தத் தாய்தான் பொறுப்பார்? "மிஸ், நீங்கள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஆனால் என்றைக்கு வருவீர்கள், என்றைக்கு வர மாட்டீர்கள் என்றே தெரியவில்லையே. பரீட்சை வருகிறது" என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் மீது எனக்கு எள்ளளவும் கோபம் இல்லை. அவர் சொன்னது நியாயம். அந்த வருமானம் போனது. என் பாடம் மோசமாக இருந்து போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

டியூஷன் வேண்டாம், வேறு பார் என்பார்கள். பார்த்தாயிற்று. தையலோ, தட்டச்சோ, மொழிபெயர்ப்போ, வேலை கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி "என்றைக்குக் கிடைக்கும்?" என்பதுதான். நாளை நான் எங்கே இருப்பேன் என்று தெரியாத நான் அதற்கு என்ன பதில் சொல்வது? புதன்கிழமை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால், செவ்வாய் இரவு கடை அடைத்துவிட்டு நள்ளிரவில் வீடு வந்து, புதன் அதிகாலை அதே கடையைத் திறக்கப் போக வேண்டியிருக்கும். இடையில் தூங்குவதா, வாக்கைக் காப்பாற்றுவதா? ஒரு முறை தாமதமானால் மன்னிக்கிறார்கள். மறுமுறை வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

"செயலியைத் திறந்தால் வேலை, மூடினால் ஓய்வு" என்று விளம்பரம் செய்யும் விநியோக வேலை நமக்குத்தான் பொருத்தம் என்று நினைக்கத் தோன்றும். அதில் எப்போது காசு கிடைக்கிறது என்று பாருங்கள். மதியச் சாப்பாட்டு வேளை, இரவுச் சாப்பாட்டு வேளை, வார இறுதி. கடைக்கும் உணவகத்துக்கும் பகுதி நேர ஆள் தேவைப்படுவதும் அதே வேளைகளில்தான். எனக்கு ஓய்வு கிடைக்கும் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் நின்றால் ஒரு அழைப்புகூட வராது. கூட்டம் இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஆள் வேண்டும் என்று எல்லா முதலாளிகளும் ஒரே நேரத்தில் நினைப்பதால், அந்தச் சில மணி நேரத்துக்கு வெளியே எங்களுக்கு எங்குமே வேலை இல்லை.

இந்த நெருக்கடியை மோப்பம் பிடித்து வரும் மோசடிக் கூட்டம் வேறு. "வீட்டிலிருந்தே தரவுப் பதிவு, எந்த நேரத்திலும் செய்யலாம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்." எந்த நேரத்திலும் செய்யலாம் என்பதைக் கேட்டவுடன் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் மனம் சபலப்படும். அது அவர்களுக்குத் தெரியும். வேலை கொடுப்பவன் சம்பளம் தருவான், கட்டணம் கேட்க மாட்டான். பணம் கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முறித்துக்கொள்ளுங்கள். என்னுடன் வேலை செய்யும் ஒரு பெண் இதில் இழந்தது அவளுடைய பல ஷிப்டுகளின் உழைப்பு.

இதையெல்லாம் சொன்னால், "சந்தை அப்படி, கடைக்காரர் என்ன செய்வார்?" என்று வக்காலத்து வாங்க ஒருவர் வருவார். சந்தை யார் கைப்பேசிக்கும் செய்தி அனுப்புவதில்லை. பெரிய நிறுவனங்களில் பழைய விற்பனைக் கணக்கையும் வானிலையையும்கூட வைத்து, நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டுக்கு எத்தனை ஆள் என்று கணிக்கும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. கணிப்பு தவறினால் நட்டம் நிறுவனத்துக்குத்தானே வர வேண்டும்? அது வராமல் இருக்கத்தான் ஆளைத் திருப்பி அனுப்புகிறார்கள். வியாபாரத்தில் உள்ள ஆபத்தைச் சுமப்பவர் என்பதால்தான் முதலாளிக்கு லாபம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே ஆபத்து என் தலையில், லாபம் அவர் பையில்.

சரி, இப்படி ஆட்டிப்படைப்பதால் கடைக்காவது நன்மை உண்டா? 2015–16ல் அமெரிக்காவில் கேப் நிறுவனத்தின் துணிக்கடைகளில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சில கடைகளில் ஷிப்ட் தொடங்கும், முடியும் நேரங்களை நிலையாக வைத்தார்கள்; ஊழியர்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ளவும் வழி செய்தார்கள். அந்தக் கடைகளில் விற்பனை ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது. தூங்கி எழுந்து, நாளை என்ன என்று தெரிந்து வரும் ஆள் நன்றாக வேலை செய்வார் என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவைப்பட்டது என்பதே எனக்கு வயிற்றெரிச்சல். ஆய்வு வந்த பிறகும் திருந்தாதவர்களை என்ன சொல்ல?

காத்திருப்பதும் வேலைதான் என்று நான் மட்டும் புலம்பவில்லை. பெல்ஜியத்தில் நிவெல் என்ற ஊரின் தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவர், அழைத்தால் 8 நிமிடத்துக்குள் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்ற கட்டாயத்தில் வீட்டில் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பும் வேலை நேரமே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் ஒரு துணிக்கடை நிறுவனம், ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் தொலைபேசியில் கூப்பிட்டு "இன்று வரலாமா" என்று ஊழியர்களே கேட்க வேண்டும் என்று வைத்திருந்தது. அப்படிக் கூப்பிடுவதே வேலைக்கு வந்து நிற்பதற்குச் சமம், வேலை இல்லை என்று சொன்னாலும் அதற்குரிய தொகையைக் கொடுக்க வேண்டும் என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019ல் சொன்னது. நியூசிலாந்தில் 2016லிருந்து, உறுதியளித்த நேரத்துக்கு மேல் ஒருவரைத் தயாராக இருக்கச் சொல்ல வேண்டுமானால் அதற்கு நியாயமான ஈட்டுத்தொகை தர வேண்டும். ஜெர்மனியில் அழைக்கும்போது வரும் வேலைக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், 20 மணி நேரம் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2019க்கு முன் அது 10 மணி நேரமாக இருந்தது. நான்கு நாள் முன்னதாகச் சொல்லாவிட்டால் அங்கே ஊழியர் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2017ல் சட்டம் இயற்றி, பெரிய சில்லறைக் கடைகளும் உணவகங்களும் 14 நாள் முன்னதாக அட்டவணை கொடுக்க வேண்டும் என்ற நிலைக்கு 2020ல் வந்தது. ஞாயிறு இரவுக்கும் திங்கள் காலைக்கும் இடையில் அட்டவணை வாங்கும் எனக்கு, 14 நாள் என்பதைப் படிக்கும்போது பெருமூச்சுதான் வருகிறது.

அரசுகள் செய்யும் அரைகுறை வேலையையும் சொல்லத்தான் வேண்டும். பிரிட்டன் 2015ல், நேர உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களை வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனை செல்லாது என்று சட்டம் போட்டது. நல்லது. ஆனால் இன்னொரு வேலை பார்க்க அனுமதி கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? நேரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு அனுமதியை மட்டும் கையில் கொடுத்தால் அதை வைத்து நான் யாரிடம் போய் வேலை கேட்பது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை இதில் கொஞ்சம் மேல். வேறு வேலை பார்ப்பதை முதலாளி தடுக்கக் கூடாது என்பதோடு, எந்த நாட்களில், எந்த நேரத்துக்குள் அழைக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதற்கு வெளியே அழைத்தால் மறுக்கலாம். மறுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது. எனக்கு வேண்டியது இந்த இரண்டாவது பாதிதான்.

எங்கள் கடையிலும் ஒரு படிவம் உண்டு. எந்த நேரங்களில் வர முடியும் என்று கட்டங்களில் குறித்துக் கொடுக்க வேண்டும். எல்லாக் கட்டத்தையும் குறித்தவருக்கு ஷிப்ட் கிடைக்கிறது. இரண்டு மாலைகளை விட்டுவிட்டுக் குறித்தவருக்கு அந்த இரண்டு மாலைகள் மட்டும் போகவில்லை, வாரத்தில் பாதி போய்விட்டது. பிறகு நாங்களே பயந்துபோய் எல்லாக் கட்டத்தையும் குறித்துக் கொடுக்கிறோம். "ஊழியர்களே விரும்பித்தான் வருகிறார்கள்" என்று அதே தாளைக் காட்டி மேலிடத்தில் சொல்கிறார்கள். ரத்தம் கொதிக்கிறது.

வாடகைக்கு மட்டும் ஏற்ற இறக்கம் கிடையாது, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் அதே தொகை. கடன் கேட்டுப் போனால் நிலையான வருமானத்துக்குச் சான்று கேட்கிறார்கள். எட்டு மணி நேர வாரத்தையும் முப்பது மணி நேர வாரத்தையும் எந்தச் சான்றில் காட்டுவது?

நாங்கள் கேட்பது சம்பள உயர்வுகூட இல்லை. இரண்டு வாரம் முன்னதாக அட்டவணை கொடுங்கள். வாரத்தில் இரண்டு மாலைகளையாவது எங்களுக்கென்று விடுங்கள், அந்த நேரத்தில் அழைக்காதீர்கள், அதற்காக மற்ற ஷிப்டுகளில் கை வைக்காதீர்கள். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அந்த ஷிப்டின் பாதிச் சம்பளத்தையாவது கொடுங்கள். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்திருக்கிறோம். "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்பதை நாங்கள் பதிலாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இந்த மூன்றில் எது முடியாது, ஏன் முடியாது என்பதை அவர்களும் எழுத்தில் கொடுக்கட்டும்.