‘66 சதவீத ஹெட்’ என்பது மரபணுவின் அளவன்று

‘66 சதவீத ஹெட் அல்பினோ’ என்று விற்கப்படும் பந்து மலைப்பாம்பின் உடலில் அல்பினோ (கருநிறமி இல்லாத வெளிர்நிறம்) மரபணு 66 சதவீதம் கலந்திருக்கிறது என்றொரு கருத்து பரவி வருகிறது. இது தவறு.

ஹெட் (ஹெட்டெரோசைகஸ் என்பதன் சுருக்கம்) என்பது, ஒடுங்கு பண்புக்குரிய, அதாவது இரு பிரதிகளும் மாறினால் மட்டுமே வெளிப்படும் பண்புக்குரிய மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் மாறியிருக்கும் நிலை. அந்தப் பாம்பு பார்வைக்கு இயல்பான நிறத்திலேயே இருக்கும். இரண்டு ஹெட் பாம்புகள் இணைசேர்ந்தால், ஒவ்வொரு முட்டையிலும் அல்பினோ உருவாக நான்கில் ஒரு பங்கும், ஹெட் உருவாக நான்கில் இரு பங்கும், மாற்றமே இல்லாத குட்டி உருவாக நான்கில் ஒரு பங்கும் வாய்ப்பு உண்டு. அல்பினோவைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம் என்பதால், எஞ்சிய இயல்பான நிறக் குட்டி ஒவ்வொன்றும் ஹெட்டாக இருக்க மூன்றில் இரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. 66 என்ற எண் அங்கிருந்தே வருகிறது. ஆகவே அது வெறும் நிகழ்தகவு. தனியொரு பாம்பு ஹெட்டாக இருக்கும், அல்லது இராது, இடைநிலை கிடையாது.

இதை விளக்காமல் விற்பது வாங்குபவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். ஐயம் தீர, அதே வகை அல்பினோவுடன் இணைசேர்க்கலாம்: ஓர் அல்பினோ குட்டி பிறந்தாலே ஹெட் என்பது உறுதி. ஆனால் ஐந்து குட்டிகளும் இயல்பாகப் பிறந்தாலும் ஹெட் இல்லை என்று முடிவுகட்ட இயலாது. ஒவ்வொரு குட்டியும் இயல்பாகப் பிறக்கப் பாதி வாய்ப்பு இருப்பதால், உண்மையான ஹெட்டுக்கும் 32 முறைக்கு ஒரு முறை அவ்வாறு நேரலாம்.